மே தினமும் நாள்கூலியும்: மேல்சித்தாமூர் – செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மே முதல் நாள் உழைப்பாளரைப் போற்றும் நாளாக உலகின் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்பெறுகிறது. தமிழ்நாட்டில் அது ஊதியத்துடன் கூடிய பொது விடுமுறை நாளும் ஆகும். போற்றுதல், கோருதல், சட்டத்தால் பெறுதல் என்னும் மூன்று நிலைகளில் இந்நாளின் பொருள் வளர்ந்துள்ளது. இம்மூன்று நிலைகளும் தமிழகத்தில் உருவான முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னையில் 1923-இல் நடைபெற்ற மே தினக் கூட்டங்கள், புதுச்சேரியில் 1936-இல் நடைபெற்ற ஆலைத் தொழிலாளர் போராட்டம், 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் ஆகியன இதற்குச் சான்றுகளாகின்றன. ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த ஊதிய விடுமுறை உழவுக் கூலித் தொழிலாளிக்கு எட்டாமல் நிற்பதற்கான காரணத்தை மேல்சித்தாமூரை உள்ளடக்கிய செஞ்சி வட்டாரத்தின் வேளாண் வாழ்வின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மே தினம், நாள்கூலி, படியாள், எட்டு மணி நேர வேலை, கிராம சபை, செஞ்சி, மேல்சித்தாமூர்.

1. முன்னுரை

செஞ்சி என்றதும் கோட்டையே முதலில் நினைவுக்கு வரும். கோனார்களும் நாயக்கர்களும் மராத்தியரும் முகலாயரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து அதனைக் கைக்கொண்டனர். மராத்தியர் இராணுவ நிலப்பரப்புகள் என்னும் தொகுதியின் ஓர் உறுப்பாக 2025-இல் அக்கோட்டை யுனெசுகோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. மலைமீது கல்லேற்றியவர், அகழி தோண்டியவர், அங்குள்ள பெருங்களஞ்சியங்களை நிரப்பிய நெல்லை விளைவித்தவர் ஆகியோரின் பெயர்கள் அவ்வரலாற்றில் இல்லை. ஆட்சியாளர் பெயரால் காலத்தைப் பகுக்கும் வரலாற்றெழுத்தில் உழைப்பாளருக்கு இடம் கிடைப்பது அரிது.

உழைப்பாளரின் பெயரால் நாட்காட்டியில் குறிக்கப்பெற்ற நாள் மே 1. ஆதலின் அந்நாளின் வரலாற்றை ஆராய்வது உழைப்பாளர் வரலாற்றுக்குள் நுழையும் வழிகளுள் ஒன்றாகும். தமிழகத்தில் மே தின வரலாறு பெரும்பாலும் சென்னையை மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. ஆலையும் துறைமுகமும் இருப்புப்பாதையும் இருந்த இடத்தில் தொழிற்சங்கம் தோன்றியது என்பதால் அது இயல்பே. எனினும் உழைப்பாளருள் பெரும்பகுதியினர் நெடுங்காலம் வயலிலேயே இருந்தனர். அவர்களுக்கு இந்நாள் என்ன பொருள் தருகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவை எழுப்புவதற்கு உரிய களம் மேல்சித்தாமூர். செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனம் பக்கமாக அமைந்த இவ்வூர் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அமைந்த இடம். பாறையில் செதுக்கப்பெற்ற சிற்பங்களைக் கொண்ட மலைநாதர் கோயிலும் பார்சுவநாதர் கோயிலும் இங்குள்ளன. சமயச் சிறப்பினால் அறியப்பட்ட இவ்வூரைச் சூழ்ந்த வாழ்க்கை உழவை நம்பியது. ஏரிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் நெல்லும், வட்டார வழக்கில் மல்லாட்டை எனப்படும் மணிலாவும் விளையும் நிலப்பகுதி இது. ஆலைச் சங்கு ஒலிக்காத இந்நிலப்பகுதியில் மே தினத்தின் பொருளை உரசிப் பார்க்க இயலும்.

2. தொழிலைப் போற்றும் மரபு

உழைப்பைப் போற்றுவது மே தினத்துடன் தமிழகத்திற்கு வந்த புதுக்கருத்து அன்று. மேல்சித்தாமூர் சார்ந்த சமண மரபிலேயே இதற்குத் தெளிவான சான்று உண்டு. முதல் தீர்த்தங்கரராகிய ஆதிநாதர், மக்கள் பிழைக்கும் பொருட்டு ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்று ஆதிபுராண மரபு கூறும். வாள், எழுத்து, உழவு, கலை, வாணிகம், சிற்பம் என்பன அவை. வேண்டியன யாவற்றையும் கற்பக மரங்கள் வழங்கிய காலம் முடிவுற்று, மாந்தர் தம் முயற்சியால் உண்ண வேண்டிய காலம் பிறந்தபோது இத்தொழில்கள் கற்பிக்கப்பட்டன என்பது அம்மரபின் கருத்து. இங்கு உழைப்பு, சாபத்தின் விளைவாகவோ தண்டனையாகவோ கூறப்படவில்லை. இறைவனே கற்பித்த வாழ்நெறியாகக் கூறப்படுகிறது. தமிழ்ச் சமணருள் பலர் வேளாண்மையைத் தொழிலாகக் கொண்டவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

பிற சமய வழக்குகளிலும் தொழிலைப் போற்றும் நாள்கள் உள்ளன. ஆயுத பூசையன்று ஏரும் அரிவாளும் உளியும் துலாக்கோலும் துடைத்துப் பொட்டிடப் பெறுகின்றன. மாட்டுப் பொங்கலன்று உழவு மாடு குளிப்பாட்டப் பெற்றுக் கொம்புக்கு வண்ணம் பெறுகிறது. அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கம் தமிழக உழவரிடையே பரவலாக இருந்துவந்தது. கட்டடத் தொழிலாளரும் கைவினைஞரும் அந்நாளில் வேலையை நிறுத்தும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் உண்டு.

இவ்வழக்குகளைக் கூர்ந்து நோக்கின் இரு செய்திகள் புலப்படும். முதலாவது, இவற்றுள் போற்றப்படுவன தொழிலும் கருவியும் மாடும் ஆகும். அவற்றைக் கையாளும் கூலியாள் அச்சிறப்பில் மறைமுகமாகவே பங்கு பெறுகிறார். இரண்டாவது, அன்றைய ஓய்வுக்குக் கூலி உண்டா என்னும் வினா இவ்வழக்குகளில் எழுவதில்லை. ஏர் பூட்டாத நாளில் நிலமுடையவருக்குக் களஞ்சியத்தில் நெல் உண்டு. நாள்கூலி பெறுபவருக்கு அன்று அடுப்பெரிய வழி வேண்டும். தொழிலுக்கு மதிப்பளிக்கும் மரபு செழித்திருந்த சமூகத்திலேயே தொழில் செய்பவரின் நாள் அவருக்கு உரிமையாகாமல் இருக்க இயன்றது. இவ்விடைவெளியை அடுத்த பகுதி விளக்கும்.

3. படியாள்: நாளைக் கொடுத்துவிட்ட உழைப்பு

செஞ்சி வட்டாரம் முன்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் வேளாண் உழைப்பு முறையில் 'படியாள்' என்னும் சொல் இன்றியமையாத இடம் பெற்றது. படியால் அளக்கப்பெறும் தானியத்தைக் கூலியாகப் பெற்று ஒரு நிலக்கிழாரிடம் நிலையாக வேலை செய்பவர் படியாள். திருமணம் முதலிய செலவுகளுக்குப் பெற்ற கடன் அவரை அந்நிலக்கிழாருடன் பிணைத்தது. கடன் தீராதவரை அவர் வேறிடம் செல்ல இயலாது. பல குடும்பங்களில் அக்கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. படியாள்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினராக இருந்தமையால் சாதியும் கடனும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக விளங்கிய கில்பர்ட் சிலேட்டர் 1918-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சிற்றூர்கள் பற்றிய நூலில் இம்மாவட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டு என்னும் ஊரும் இடம்பெற்றது. அவ்வூர் பிற்காலத்தில் பலமுறை மறு ஆய்வுக்கு உட்பட்டது. ஒரு பெருநிலக்கிழார் குடும்பத்தைச் சுற்றிப் படியாள்களின் வாழ்வு அமைந்திருந்த நிலை, ஒரு நூற்றாண்டுக் காலத்தில் தளர்ந்து நாள்கூலி முறைக்கு மாறிய வரலாற்றை அவ்வாய்வுகள் காட்டுகின்றன. விழுப்புரம் பகுதியின் உழைப்பு வரலாற்றை அறிவதற்கு இவ்வூர் ஆய்வுகள் முதன்மைச் சான்றுகளாகும்.

படியாளுக்கு விடுமுறை என்னும் கருத்து பொருந்தாது. பொங்கலுக்குத் துணியும் நெல்லும் தரப்பெறலாம், அது கொடை. கொடுப்பவர் மனம் மாறின் கொடை நின்றுவிடும். விடுமுறையோ கேட்டுப் பெறும் உரிமை. 'என் உழைப்பில் இவ்வளவு நேரம் உமக்கு, எஞ்சிய நேரம் எனக்கு' என்று கூறும் நிலையில் இருப்பவருக்கே விடுமுறை அமையும். படியாளின் நாள் முழுமையும் முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது.

சொல்லமைப்பிலும் இம்மாற்றத்தைக் காணலாம். 'படியாள்', 'பண்ணையாள்' என்பவற்றில் வரும் 'ஆள்' பிறருக்கு உரிய ஏவலரைக் குறிக்கும் பெயர். 'தொழிலாளி', 'தொழிலாளர்' என்பவற்றில் வரும் 'ஆளி', 'ஆளர்' என்பன ஆளுதல் என்னும் வினையடியாகப் பிறந்து உடையவரைக் குறிக்கும். முன்னது கூலியாலும் உரிமையாளராலும் மனிதரைப் பெயரிடுகிறது. பின்னது தொழிலை உடையவராக அவரைப் பெயரிடுகிறது. ஆள் என்பவர் தொழிலாளர் ஆன மாற்றத்தின் அடையாள நாளே மே 1 எனலாம்.

4. மே முதல் நாளின் தோற்றம்

எட்டு மணி நேர வேலை என்னும் கோரிக்கையிலிருந்தே மே தினம் பிறந்தது. ஆத்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1856 ஏப்ரலில் கல்தச்சர்கள் வேலையை நிறுத்தி ஊர்வலமாகச் சென்று எட்டு மணி நேர நாளைப் பெற்றனர். அமெரிக்காவில் 1886 மே 1 முதல் எட்டு மணி நேரமே வேலை செய்வது என்று தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1884-இலேயே தீர்மானித்திருந்தது. குறித்த நாளில் பல நகரங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மே 4 அன்று சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த கூட்டத்தின் முடிவில் வெடிகுண்டு வீசப்பட்டது. காவலரும் தொழிலாளரும் உயிரிழந்தனர். குண்டை வீசியவர் யார் என்பது மெய்ப்பிக்கப்படாமலேயே நால்வர் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்டனர். சிறையில் எஞ்சியிருந்த மூவரை இல்லினாய் மாநில ஆளுநர் 1893-இல் விடுவித்தார். 1889-இல் பாரிசில் கூடிய பன்னாட்டுச் சோசலிச மாநாடு, மே 1 அன்று எல்லா நாடுகளிலும் எட்டு மணி நேர வேலைக்காகக் குரல் எழுப்ப அழைத்தது. 1890 முதல் அந்நாள் பன்னாட்டு நாளாயிற்று.

அமெரிக்க அரசு 1894-இல் செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமையைத் தொழிலாளர் நாளாகச் சட்டமாக்கியது. இவ்விரு நாள்களின் வேறுபாடு பொருள் நிறைந்தது. செப்டம்பர் நாளில் அரசு தொழிலாளரைப் போற்றுகிறது. மே நாளில் தொழிலாளர் அரசிடமும் முதலாளியிடமும் கோருகின்றனர். ஒன்றில் தொழிலாளர் சிறப்புப் பெறுபவர், மற்றொன்றில் பேசுபவர். மே தினம் விடுமுறை ஆவதற்கு முன்னர் வேலைநிறுத்த நாளாக இருந்தது என்பதை மறந்தால் அதன் வரலாற்றுப் பொருள் விளங்காது.

5. சென்னையில் 1918 முதல் 1923 வரை

இந்தியாவில் இயற்றப்பெற்ற தொழிற்சாலைச் சட்டங்கள் வேலை நேரத்தை மிக மெதுவாகவே குறைத்தன. 1881-ஆம் ஆண்டுச் சட்டம் சிறுவரை மட்டுமே கருத்திற் கொண்டது. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையையும் பெண்களுக்கு 11 மணி நேர வரம்பையும் கொணர்ந்தது. ஆண்களுக்கு நெசவாலைகளில் 12 மணி நேர வரம்பு 1911-இல் வந்தது. 1922-இல் வார வரம்பு 60 மணி நேரமாயிற்று. வார விடுமுறைக்கு ஊதியம் இல்லை என்பதையும் கருதுதல் வேண்டும்.

இச்சூழலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தோன்றியது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு ஆகியோர் அதனுடன் தொடர்புடையவர்கள். பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் தொடக்கக் குறைகளுள் உணவு இடைவேளையின் குறுமையும் ஒன்று. தொழிற்சங்க இயக்கம் தன் முதல் அடியிலேயே நேரத்தைப் பற்றிப் பேசியது.

1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்தது. துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நிகழ்ந்தன. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைநிறுத்தத்திலிருந்து விலகி நின்றமையால் போராட்டம் சாதி மோதலாகவும் திரிந்தது. ஆலை வாயிலைக் கடந்தவுடன் சாதி கரைந்துவிடவில்லை. படியாள் முறையிலிருந்து தப்பி நகரத்திற்கு வந்த ஒருவருக்கு ஆலைக்கூலியை இழப்பது மற்றவர் இழப்பினும் பெரிதாக இருந்திருக்கும். தொழிலாளர் ஒற்றுமை என்பது தானே அமைவதன்று, கட்டியெழுப்பப்பட வேண்டியது என்பதனை இந்நிகழ்வு உணர்த்தியது.

இப்பின்னணியில் ம. சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னையில் மே தினத்தைக் கொண்டாடினார். மீனவர் குடியிற் பிறந்து வழக்கறிஞராக விளங்கியவர் அவர். உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நடைபெற்றன. இந்தியாவில் நடைபெற்ற முதல் மே தினக் கொண்டாட்டமாக இது கருதப்பெறுகிறது. மே தினத்தை விடுமுறையாக அரசு அறிவிக்க வேண்டும் என்பது அங்கு நிறைவேறிய தீர்மானம்.

அன்று தொடங்கப்பெற்ற கட்சியின் பெயர் இக்கட்டுரையின் நோக்கிற்கு முதன்மையானது. இந்துஸ்தான் லேபர் கிசான் கட்சி என்பது அப்பெயர். 'லேபர்' தொழிலாளரையும் 'கிசான்' உழவரையும் குறிக்கும். ஆலையையும் வயலையும் ஒரே பெயருக்குள் வைத்தே தமிழகத்தில் மே தினம் தொடங்கியது. கடற்கரையில் கூடியவர்கள் நகரத்து உழைப்பாளராயினும், விடுமுறைக் கோரிக்கை உழவரையும் உள்ளடக்கிய கட்சியின் கோரிக்கையாகவே எழுந்தது. இவ்விணைப்பு பிற்காலச் சட்டங்களில் நிலைபெறவில்லை.

6. புதுச்சேரி 1936: எட்டு மணி நேரத்தின் விலை

சென்னையினும் செஞ்சி வட்டாரத்திற்கு அண்மையில் உள்ள ஆலை நகரம் புதுச்சேரி. அது பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தமையால் பிரித்தானிய இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டங்கள் அங்குச் செல்லுபடியாகவில்லை. நெசவாலைத் தொழிலாளர் வ. சுப்பையாவின் வழிகாட்டுதலில் ஒன்றுதிரண்டு, வேலை நேரக் குறைப்பையும் சங்க உரிமையையும் கோரினர்.

1936 ஜூன் மாதத்தில் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு, அந்நாட்டுத் தொழிலாளருக்கு வாரம் 40 மணி நேர வேலையையும் ஆண்டுக்கு இரு வார ஊதிய விடுமுறையையும் சட்டமாக்கியது. அடுத்த மாதம், ஜூலை 30 அன்று, அதே பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுச்சேரியில் போராடிய ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. 12 தொழிலாளர் உயிரிழந்தனர். ஒரே கொடியின்கீழ் ஒரு நாட்டுத் தொழிலாளருக்குக் கடற்கரை விடுமுறையும் மற்றொரு நாட்டுத் தொழிலாளருக்குத் தோட்டாவும் கிடைத்தன. இந்நிகழ்வு எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக 1937 ஏப்ரல் 6-ஆம் நாளிட்ட ஆணை வெளிவந்து, எட்டு மணி நேர வேலைக்கும் சங்க உரிமைக்கும் வழி வகுத்தது. புதுச்சேரியில் ஜூலை 30 தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது.

உழைப்பாளர் நாளின் பொருள் வாழ்த்துரைகளில் அடங்குவதன்று என்பதற்குப் புதுச்சேரி சான்று. எட்டு மணி நேரம் என்னும் எண்ணுக்குப் பின்னால் பன்னிரண்டு உயிர்கள் உள்ளன.

7. சட்டத்தில் விடுமுறை

நாடு விடுதலை பெற்றபின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் நாளுக்கு 9 மணி நேரத்தையும் வரம்பாக்கியது. விடுமுறைக்கு ஊதியம் என்னும் கொள்கையைத் தமிழகத்தில் நிலைநிறுத்தியது 1958-ஆம் ஆண்டுத் தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம். குடியரசு நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள் ஆகியவற்றுடன் மே 1-உம் பின்னர்த் திருத்தத்தின் வழி அதில் சேர்ந்தது. அந்நாள்களில் வேலைக்கு வராத தொழிலாளிக்கு ஊதியம் உண்டு. வேலைக்கு அழைக்கப்பெற்றால் இருமடங்கு ஊதியமோ, ஊதியத்துடன் மாற்று விடுமுறையோ தரப்பெற வேண்டும். 1923-இல் கடற்கரையில் நிறைவேறிய தீர்மானம் இவ்வாறு சட்ட வடிவம் பெற்றது.

இச்சட்டத்தின் எல்லை 'தொழில் நிறுவனம்' என்னும் சொல்லில் உள்ளது. வயல் அதனுள் அடங்காது. உழவுத் தொழிலாளருக்கு வேறு சட்டங்கள் அமைந்தன. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையில் வேளாண்மையும் இடம்பெற்றது. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வும் அதற்கு ஊதியமும் வகுக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு அரசுக்கு அளித்தது. ஆனால் மைய அரசின் 1950-ஆம் ஆண்டு விதிகள் ஒரு நிபந்தனையை இணைத்தன. ஒரே வேலையளிப்பவரிடம் தொடர்ந்து ஆறு நாளேனும் வேலை செய்தவருக்கே அவ்வோய்வு நாள் உரியது. இன்று ஒருவர் நிலத்தில் களையெடுத்து, நாளை மற்றொருவர் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கி, மறுநாள் வேலையின்றி இருக்கும் பெண்ணுக்கு இந்நிபந்தனை எவ்வாறு நிறைவேறும்? படியாள் முறையிலிருந்து விடுபட்டதனால் அவருக்கு ஒரே எசமானர் இல்லை. ஒரே எசமானர் இல்லாமையால் ஓய்வு நாளுக்குப் பொறுப்பேற்பாரும் இல்லை. கட்டுண்டிருந்த காலத்தில் நாள் அவருடையதாக இல்லை. விடுபட்ட காலத்தில் நாள் அவருடையது, அதற்குரிய கூலி இல்லை.

கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிந்து மடிந்த கொடுமைக்குப் பின், 1969-இல் உழவுத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கீழ்த்தஞ்சைப் பகுதிக்காக இயற்றப்பெற்றது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதன் பின்னணியில் எழுந்த பூசல் அது. கூலியின் அளவைப் பற்றிய சட்டத்திற்கே அவ்வளவு விலை கொடுக்க நேர்ந்த வேளாண் உலகில், ஓய்வுக்கான கூலி என்னும் கோரிக்கை பின்தங்கியதில் வியப்பில்லை. கடனால் பிணைக்கப்பெற்ற உழைப்பு 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் செங்கற்சூளை, அரிசி ஆலை, கரும்பு வெட்டு முதலியவற்றில் முன்பணத்தால் பிணைக்கப்பெற்ற குடும்பங்கள் மீட்கப்படும் செய்திகள் வடதமிழக மாவட்டங்களிலிருந்து அதன் பின்னரும் வந்தவண்ணம் உள்ளன. அவற்றுள் இருளர் குடும்பங்கள் பல.

8. ஊரில் மே 1: கிராம சபையும் நூறு நாள் வேலையும்

தமிழகச் சிற்றூர்களில் மே 1 வேறொரு வடிவம் எடுத்துள்ளது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி அமைந்த கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூட்டப்பெறுவது வழக்கமாயிற்று; பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்தன. நகரத்தில் மே 1 கொடியேற்றமும் ஊர்வலமும் ஆகும். ஊராட்சியில் அது வரவு செலவும் குடிநீரும் வேலைப் பட்டியலும் பேசப்படும் நாள்.

இவ்விணைப்பு 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தால் புதுப்பொருள் பெற்றது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலையை அச்சட்டம் உறுதி செய்தது. 2006-இல் முதற்கட்டமாக அது நடைமுறைக்கு வந்த தமிழக மாவட்டங்கள் ஆறனுள் விழுப்புரமும் ஒன்று. 'நூறு நாள் வேலை' என்றும் 'ஏரி வேலை' என்றும் மக்கள் அதனை வழங்கினர். எவ்வேலைகளை எடுப்பது என்பதைக் கிராம சபை முடிவு செய்ய வேண்டும்; செலவுக் கணக்கைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்தும் இடமும் அதுவே.

உழைப்பு வரலாற்று நோக்கில் அச்சட்டத்தின் இரு கூறுகள் சிறப்பாகக் குறிக்கத்தக்கன. ஒன்று, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வயல் வேலையில் ஆண்கூலி, பெண்கூலி எனப் பிரித்தளிக்கும் நெடுங்கால வழக்குக்கு எதிரான அளவுகோல் ஊரின் நடுவிலேயே நிறுவப்பெற்றது. மற்றொன்று, ஒரு மணி நேர ஓய்வை உள்ளடக்கிய எட்டு மணி நேரத்தை ஒரு நாள் வேலையாகக் கொண்டு கூலி வகுத்தமை. சிகாகோவிலும் புதுச்சேரியிலும் உயிர் கொடுத்துக் கோரப்பெற்ற எட்டு மணி நேரம் செஞ்சி வட்டாரத்து ஏரிக்கரைக்கு இவ்வழியே எழுத்தளவிலேனும் வந்து சேர்ந்தது. வேலைத்தளத்தில் நிழலும் குடிநீரும் குழந்தைகளைக் காக்க ஆளும் இருத்தல் வேண்டும் என்னும் விதிகளும் உழைப்பாளரை மதிக்கும் கருத்தின் செயல் வடிவங்களே.

இங்கும் ஊதிய விடுமுறை இல்லை. வருகைப் பதிவும் செய்த வேலையின் அளவுமே கூலிக்கு அடிப்படை. மே 1 அன்று வேலை நடைபெறாவிடில் அன்றைய கூலியும் இல்லை. ஆலைத் தொழிலாளிக்கு ஊதியத்துடன் விடியும் அதே நாள், ஏரி வேலைக்குச் செல்பவருக்கு ஊதியமின்றி விடிகிறது. கிராம சபையில் அமர்ந்து வேலை கேட்பவருள் பலர் அவ்விருக்கைக்காக ஒரு நாள் கூலியை இழந்தவர் ஆவர்.

9. நூற்றாண்டு நிறைவில் ஒரு படிப்பினை

சென்னையின் முதல் மே தினம் நூறாண்டை நிறைவு செய்த 2023-இல், வேலை நேரம் மீண்டும் பொதுவிவாதத்தின் நடுவே வந்தது. தொழிற்சாலைச் சட்டத்தின் வேலை நேர விதிகளிலிருந்து நிறுவனங்களுக்கு விலக்களிக்க வழிவகுக்கும் திருத்த முன்வரைவு ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. அது 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் என்று தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. முன்வரைவு முதலில் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் மே 1 அன்று, சென்னை சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

இந்நிகழ்விலிருந்து இரு கருத்துகளைப் பெறலாம். எட்டு மணி நேரம் ஒருமுறை வென்றதால் என்றென்றும் உரியதாகிவிடவில்லை என்பது ஒன்று. மே தினம் வெறும் நினைவு நாளாக ஒடுங்கிவிடவில்லை என்பது மற்றொன்று. அறிவிப்புக்கு அந்நாளும் அவ்விடமும் தெரிவுசெய்யப்பட்டமையே அந்நாளுக்குரிய வலிமையைக் காட்டும். அவ்வலிமை சங்கமாகத் திரண்டவர்களிடமிருந்து வந்தது. சங்கமாகத் திரள இயலாத நாள்கூலித் தொழிலாளருக்கு அத்தகைய பூங்கா ஒன்றும் இல்லை. ஊராட்சித் திடலில் கூடும் கிராம சபையே அவர்களுக்கு அண்மையில் உள்ள மன்றம்.

10. முடிவுரை

தொழிலைப் போற்றும் மரபு தமிழகத்தில் தொன்மையானது. ஆதிநாதர் கற்பித்த அறுதொழில் பற்றிய மரபும் ஆயுத பூசையும் அமாவாசை ஓய்வும் அதற்குச் சான்றுகள். அம்மரபால் மட்டும் படியாளின் நாள் அவருக்கு உரியதாகவில்லை. மே தினம் கொணர்ந்த புதுமை, உழைப்பவரின் நேரத்துக்கு எல்லை வகுத்து, அவ்வெல்லைக்கு வெளியே உள்ள நேரத்தை அவருக்கு உரிமையாக்கியதில் உள்ளது. சென்னையில் 1923-இல் அக்கோரிக்கை ஆலைக்கும் வயலுக்கும் பொதுவான பெயரில் எழுந்தது. 1936-இல் புதுச்சேரி அதற்கு உயிர் கொடுத்தது. சட்டமாக வந்தபோது அது ஆலையோடு நின்றது.

ஆதலின் விடுமுறையின் பொருளை அளக்கும் கோல் ஊதியமே எனலாம். ஊதியமற்ற விடுமுறை, நாள்கூலி பெறுபவருக்கு வேலையின்மையின் மற்றொரு பெயர். அரசு செலவில் நடைபெறும் ஊரக வேலையில் மே 1-ஐ ஊதிய நாளாக்குவது இவ்விடைவெளியைக் குறைக்கும் முதற்படியாக அமையும். ஏனெனில் அங்கு வேலையளிப்பவர் அரசே, நாள்தோறும் மாறும் பல நிலவுடைமையாளர் அல்லர். ஒரே வேலையளிப்பவர் இல்லை என்னும் தடையும் அங்கு எழாது. கிராம சபையில் கலந்துகொள்ளும் நாளை வேலை நாளாகக் கணக்கிடுவதும் இயலும். இக்கோரிக்கையை எழுப்புவதற்கு உரிய நாளும் மே 1, உரிய இடமும் கிராம சபையே. செஞ்சி வட்டாரத்தில் களையெடுப்பவரும் ஏரி தூர்வாருபவரும் கூலி இழக்காமல் அந்நாளில் அமர்ந்து பேச இயலும்போது, லேபர் என்பதனுடன் கிசான் என்பதையும் சேர்த்துப் பெயரிட்ட 1923-ஆம் ஆண்டின் கருத்து தன் முழுப்பொருளைப் பெறும்.